ஏ ஷிஃப்டில் இரண்டு சாப்பாடு

ஷூவோடு ஏறியபோது நூற்றி ஐந்தரை. ஷூவைக் கழற்றினேன். பெல்ட்டைக் கழற்றினேன். பாக்கெட்டில் இருந்த சாவிக்கொத்தையும் செல்போனையும் எடுத்து மேஜைமேல் வைத்தேன். நூற்றி நான்குக்குக் கீழே முள் இறங்க மறுத்துவிட்டது.

"இதுக்கு மேல கழட்ட ஒண்ணும் இல்லப்பா, எறங்கு" என்றார் கம்பெனி டாக்டர்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு நாலைந்து வருடம் கழித்து நடந்தது இது. ஓசூர் தொழிற்பேட்டையில் லாரிகளுக்கு இரும்புப் பாகங்கள் அடித்துக் கொடுக்கும் ஒரு கம்பெனியில் கிரேன் ஆபரேட்டராக இருந்தேன். வருடத்துக்கு ஒருமுறை எல்லோருக்கும் மருத்துவப் பரிசோதனை உண்டு. மற்றவர்களுக்கு அது அரை நாள் ஓய்வு. கிரேன் ஓட்டுகிறவர்களுக்கு மட்டும் வேலை நிலைக்குமா என்று தெரியும் நாள்.

டாக்டர் பிரஷர் பார்த்தார். மறுபடி பார்த்தார். "ஏணி ஏறுனா மூச்சு வாங்குதா?" என்று கேட்டார்.

"இல்ல சார்" என்றேன். ஷெட்டிலிருந்து மருத்துவ அறைவரை நடந்து வந்ததிலேயே எனக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு அட்டையில் எழுதினார். தற்காலிகமாகத் தகுதியில்லை. மூன்று மாதத்தில் பன்னிரண்டு கிலோ குறைய வேண்டும், பிரஷர் இறங்க வேண்டும். இல்லாவிட்டால் கிரேன் நிரந்தரமாக வேறு ஆளுக்கு.

அவர்மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் அவர் செய்தது சரி. முந்தின மாதம் ஒருநாள் கேபினில் உட்கார்ந்திருந்தபோது எனக்குத் தலை சுற்றியது. கொக்கியில் பாகங்களை அடிக்கும் எட்டு டன் இரும்பு அச்சு தொங்கிக்கொண்டிருந்தது. கீழே நான்கு பேர் நின்றிருந்தார்கள். கண்ணை மூடித் திறந்து சமாளித்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

கிரேன் என்றால் எனக்கு என்ன என்று சொல்ல வேண்டும். ஷெட்டின் கூரைக்குக் கீழே இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை ஓடுவது அது. நாற்பத்தெட்டு படி இரும்பு ஏணியில் ஏறித்தான் கேபினுக்குப் போக முடியும். மேலே போய்விட்டால் சூப்பர்வைசர் கிடையாது, சத்தம் பாதிதான், மொத்த ஷெட்டும் காலடியில் தெரியும். கீழே நிற்கிறவர் விரலை அசைத்தால் போதும், நெல்லிக்காயை மேஜையில் வைப்பதுபோல் அச்சை இறக்கி வைப்பேன். சாத்தூர்ப் பக்கத்திலிருந்து ஐ.டி.ஐ. சான்றிதழோடு வந்து இறங்கியவன், பதினோரு வருடத்தில் இந்த ஊரில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தது அந்த ஒரு வேலையால்தான். அது போய்விட்டால் நான் வெறும் குண்டு ஆள்.

மறுநாள் முதல் டெஸ்பாட்ச் பிரிவில் போட்டார்கள். அட்டைப் பெட்டிகளில் லேபிள் ஒட்டும் வேலை. நான் போன நாளிலேயே ஒருவன், "அண்ணனை மேல ஏத்தணும்னா இன்னொரு கிரேன் வேணும்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மனதுக்குள் அவன் கன்னத்தில் அறைந்தேன், இரண்டு கன்னத்திலும்.

குறைத்துக் காட்டுகிறேன் பார் என்று கிளம்பினேன். நான் எதையும் அப்படித்தான் ஆரம்பிப்பேன், சவாலாக. ஒரு வாரத்துக்கு மேல் எதுவும் நின்றதில்லை.

என் மனைவி காவேரிப்பட்டினத்துக்காரி. அவர்கள் பக்கம் கேழ்வரகுக் களிதான் உடம்புக்கு மருந்து. சர்க்கரையா, களி சாப்பிடு. தொப்பையா, களி சாப்பிடு. எங்கள் ஊரில் களி கிண்டுவது எப்போதாவதுதான், அதுவும் உளுந்தில். ஆனால் இவள் கிண்டும் களி கட்டி தட்டாமல், மினுமினுவென்று உருண்டு நிற்கும். தொட்டுக்கொள்ள அவரைக்கொட்டையை ஊறவைத்துத் தோலைப் பிதுக்கி எடுத்து வைக்கும் பிதுக்கம்பருப்புக் குழம்பு. தினமும் காலையில் இரண்டு உருண்டை சாப்பிட்டேன். அதுதான் மருந்தாயிற்றே என்று மதியம் சோற்றில் ஒரு பருக்கையும் குறைக்கவில்லை. பேரிகையிலிருந்து வரும் ஒருவர் டெஸ்பாட்சில் என்னோடு இருந்தார். கொள்ளு ரசம் கொழுப்பைக் கரைக்கும் என்றார். சோற்றில் ஊற்றி மூன்று கரண்டி கரைத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மலைக்கோயில் படி ஏறினேன். இறங்கியதும் அடிவாரத்தில் சூடாக மிளகாய் பஜ்ஜி போட்டுக்கொண்டிருப்பார்கள். இவ்வளவு படி ஏறியவனுக்கு இரண்டு பஜ்ஜி கூடவா கிடையாது என்று தோன்றும். நான்கு சாப்பிடுவேன்.

ஒரு மாதம் கழித்து மருத்துவ அறைக்குப் போய் ஏறிப் பார்த்தேன். நூற்றி ஐந்து. பதிவேடு எழுதும் உதவியாளர் தலையைக் குனிந்துகொண்டார், சிரிப்பை மறைக்கத்தான்.

இதுவரை நான் சொன்னதெல்லாம் எல்லோரிடமும் சொல்லக்கூடியது. சொல்லாத ஒன்று இருந்தது. அதைத் தொடாமல் பஜ்ஜியையும் களியையும் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஏ ஷிஃப்ட் என்பது காலை ஆறு மணி முதல் இரண்டு மணி வரை. கேண்டீனில் எட்டு மணிக்கு டிபன், பதினொன்றரைக்கு முழுச் சாப்பாடு. சோற்றுக்கு அளவு கிடையாது. இரண்டு மணிக்கு கம்பெனி பஸ் ஏறினால் ஊர் சுற்றி இரண்டேமுக்காலுக்கு என் தெருமுனையில் இறக்கிவிடும்.

கல்யாணமாகி முதல் தடவை ஏ ஷிஃப்ட் போய்விட்டு வந்தபோது, இரண்டு தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய வீட்டில் அப்படி ஒரு வழக்கம். வயலில் ஒரு ஆள் இருந்தாலும் அவர் கரையேறி வரும்வரை மற்றவர்கள் தட்டைத் தொட மாட்டார்கள். பசியில் அவள் முகம் வாடிப் போயிருந்தது.

"சாப்டீங்களா?" என்று கேட்டாள்.

சாம்பார், ரசம், கோஸ் பொரியல், வெள்ளிக்கிழமை என்பதால் பாயசம், எல்லாம் முடித்து மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை. அந்த முகத்தைப் பார்த்து ஆமாம் என்று சொல்ல எனக்கு மனது வரவில்லை. "இல்ல" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "கேண்டீன்ல காலைல டிபன் மட்டுந்தான் போடுவாங்க" என்று சேர்த்துச் சொன்னேன். முதலில் சொன்ன பொய் பாசத்தில் வந்தது. இரண்டாவது என் வாய்க்கொழுப்பு. அதுதான் ஒன்பது வருடம் என்னைக் கட்டிப்போட்டது.

அன்றைக்கு அவள் முகம் மலர்ந்துவிட்டது. எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். எனக்குத் தொண்டைவரை நிறைந்திருந்தது. ஆனாலும் "இன்னும் கொஞ்சம் போடு" என்றேன், நன்றாக இருக்கிறது என்று அவளுக்குத் தெரியட்டும் என்று.

பிறகு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏ ஷிஃப்ட் வரும்போதெல்லாம் எனக்கு இரண்டு மதியச் சாப்பாடு. கேண்டீனில் சாப்பிடாமல் இருந்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நாலரைக்கு எழுந்தவனுக்குப் பதினொன்றரைக்கு வரும் பசி அப்படி. கூட இருக்கிறவர்கள் வேறு விட மாட்டார்கள். கன்னடத்தில் ஒருவர் "ஊட்டா ஆய்தா?" என்பார், தெலுங்கில் ஒருவர் கேட்பார், தமிழில் நான்கு பேர் கேட்பார்கள். ஓசூரில் மூன்று மொழியிலும் முதல் விசாரிப்பு சாப்பாடுதான். இரண்டு சாப்பாட்டுக்குப் பழகிய வயிறு பி ஷிஃப்ட், சி ஷிஃப்ட் வாரங்களிலும் சும்மா இருக்கவில்லை. சமோசா, பன், பரோட்டா என்று தன் பங்கைக் கேட்டு வாங்கிக்கொண்டது. கல்யாணத்தன்று அறுபத்தெட்டு கிலோ இருந்த மாப்பிள்ளை நான்.

டெஸ்பாட்ச் பிரிவுக்கு ஏ ஷிஃப்ட் மட்டும்தான். கிரேனை விட்டு இறக்கிய பிறகு தினமும் ஏ ஷிஃப்ட். தினமும் இரண்டு சாப்பாடு. எடை குறைய வேண்டியவன் ஏன் கூடினேன் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டேதான் கொள்ளு ரசத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

இதன் மறுபக்கம் ஒன்று இருந்தது. நான் தினமும் இரண்டேமுக்காலுக்கு வந்தால் அவளும் தினமும் இரண்டேமுக்கால்வரை பட்டினி. மகளைப் பள்ளிக்கு அனுப்பும் பரபரப்பில் காலையில் வெறும் டீயோடு ஓட்டுகிறவள். இந்த ஒன்றரை மாதத்தில் நெஞ்சுக்குக் கீழே எரிகிறது என்று இரண்டு தடவை சொன்னாள். ஜெலூசில் வாங்கிக் கொடுத்தேன். மூன்றாவது தடவை வலியில் சமையலறையில் அப்படியே சுருண்டு உட்கார்ந்துவிட்டாள். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன்.

அங்கே இருந்த அம்மா டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, "மத்தியானம் எத்தனை மணிக்கு சாப்பிடுவீங்க?" என்று கேட்டார்.

"மூணு மணி ஆயிடுங்க" என்றாள் இவள்.

"வீட்ல இருக்கீங்க, ஏன் அவ்ளோ நேரம்?"

"இவரு வரணுமில்லைங்க. அங்க வெறும் வயித்தோட நின்னு வேலை பாத்துட்டு வர்றாரு. நான் மட்டும் முன்னாடியே எப்படிங்க சாப்புடறது?"

டாக்டர் என்னைப் பார்த்தார். நூற்றி ஐந்து கிலோ வெறும் வயிறு அவருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது. அவருக்கு என்ன தோன்றியதோ தெரியாது. "குடல்ல புண்ணு இருக்கும்மா. இனிமே பன்னெண்டு மணிக்கு நீங்க சாப்பிட்டுடணும். யாருக்காகவும் காத்திருக்கக் கூடாது" என்று அவளிடம் கண்டிப்பாகச் சொன்னார். மாத்திரை எழுதிக் கொடுத்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அப்போதே சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது, வாய் திறக்கவில்லை. ஆட்டோவிலும் சொல்லவில்லை. இனிமேல்தான் பன்னிரண்டு மணிக்குச் சாப்பிட்டுவிடுவாளே, எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டேன்.

மறுநாள் கேண்டீனில் வழக்கம்போல் சாப்பிட்டேன். இரண்டேமுக்காலுக்கு வீட்டுக்குள் நுழைந்தேன். இரண்டு தட்டுகள் இருந்தன.

"ஏன் சாப்பிடல?" என்று கத்தினேன்.

"ரெண்டு பிஸ்கட் தின்னேங்க. தட்டு எடுத்து வெச்சேன். நீங்க அங்க பசியோட லேபிள் ஒட்டிட்டு இருப்பீங்கன்னு நெனப்பு வந்துச்சு. எறங்கலை." ஒரு கையை வயிற்றில் வைத்து அழுத்திக்கொண்டே சொன்னாள்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "நான் சாப்ட்டுட்டேன்" என்றேன்.

"எப்போ?"

"பதினொன்னரைக்கு. கேண்டீன்ல."

"இன்னைக்கா?"

"தெனமும்."

"டெஸ்பாட்ச் போனதுல இருந்தா?"

"கல்யாணம் ஆனதுல இருந்து."

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், எனக்கு அது வசதி. அவள் சாவகாசமாகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். "திங்கக்கெழம என்ன போடுவாங்க?" என்று கேட்டாள்.

"எதுக்கு அது?"

"சொல்லுங்க."

சொன்னேன். திங்கள் முருங்கைக்காய் சாம்பார், செவ்வாய் வத்தக்குழம்பு. "புதன்?" முட்டை. "வியாழன்?" கூட்டு, அப்பளம். ஒவ்வொன்றாகக் கேட்டாள், ஒவ்வொன்றாகச் சொன்னேன். வெள்ளிக்கிழமை வந்தபோது கொஞ்சம் தயங்கினேன்.

"வெள்ளிக்கெழம?"

"பாயசம்."

"பாயசமும் குடிச்சிட்டு வந்துதான் இங்க உக்காந்து, பசிக்குது சீக்கிரம் போடுன்னீங்களா?"

"ஆமா."

அவள் எழுந்து போனாள். ஒரே ஒரு தட்டில் சோறு போட்டுக் குழம்பு ஊற்றி எடுத்துவந்தாள். எனக்கு எதிரே உட்கார்ந்தாள். நான் எழுந்திருக்கப் பார்த்தேன்.

"உக்காருங்க. எந்திரிக்கக் கூடாது. நான் சாப்புடறதப் பாருங்க."

பார்த்தேன். ஒன்பது வருடத்தில் அவள் சாப்பிடுவதை நான் பார்த்ததே இல்லை என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. என் தட்டைப் பார்த்துத்தான் சாப்பிட்டிருக்கிறேன். அவள் சின்னச் சின்ன உருண்டையாக எடுத்தாள். முதல் நான்கைந்து வாய் வலியோடு இறங்கியது. பிறகு பசி வென்றது. இரண்டாவது முறை குழம்பு ஊற்றிக்கொண்டாள். அவ்வளவு பசியை வைத்துக்கொண்டா தினமும் எனக்கு முதலில் பரிமாறினாள்? என் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவள் அழவில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் நான் வந்தபோது தட்டு எதுவும் இல்லை. அவள் பன்னிரண்டு மணிக்கே சாப்பிட்டிருந்தாள். ஒரு சொம்பு மோர் மட்டும் இருந்தது. எடுத்துக் கொடுத்துவிட்டு, "இன்னைக்கு என்ன சாப்டீங்க?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வி அன்றைக்கு ஆரம்பித்தது. தினமும் கேட்டாள். குரலில் கோபமோ கிண்டலோ இருக்காது. நான் காலையிலிருந்து வாயில் போட்ட எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். இனி எது சாப்பிட்டாலும் இவளிடம் பொய் சொல்வதில்லை என்று நான் முடிவு செய்திருந்தேன். எடை குறைக்க வேண்டும் என்று நான் எடுத்த சபதங்கள் எல்லாம் ஒரு வாரத்தில் செத்திருக்கின்றன. இது சபதம்கூட இல்லை, பயம் கலந்த வெட்கம். ஆனால் இது நின்றது.

கேண்டீனில் ஒரு கரண்டி சோறு என்று வைத்துக்கொண்டேன். பரிமாறுகிறவர் தெலுங்கு பேசும் பெரிய மீசைக்காரர். தட்டில் ஒரு கரண்டி வைத்ததும் கையைக் குறுக்கே நீட்டினேன்.

"இன்னா அண்ணா இது, கொளந்தைக்குப் போடற மாதிரி? ஒடம்பு சரியில்லையா?"

"போதும்."

"சோறு நல்லா இல்லையா?"

"நல்லா இருக்குய்யா, போதும்."

அவருக்கு மனத்தாங்கல். நான்கு நாள் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு அவராகவே பொரியலை இரண்டு பங்கு வைக்க ஆரம்பித்தார். கேட்காமலேயே செய்தார். இப்படி ஒரு ஆதரவு கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

முதல் பத்து நாள் நரகம். மூன்று மணிக்கு வயிறு தன் இரண்டாவது சாப்பாட்டைக் கேட்டுக் கூப்பாடு போடும். தலை வலிக்கும். எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவேன். மகள் பென்சில் கேட்டதற்குக்கூடக் கத்தினேன். அந்த நேரத்தில் வீட்டில் இருக்க முடியாது என்று தெருவில் இறங்கி நடந்தேன். ராம்நாயக்கன் ஏரிக்கரைவரை போய்த் திரும்புவேன். முதலில் கோபத்துக்காக நடந்தது. பிறகு நடக்காவிட்டால் கோபம் வந்தது.

மூன்றாவது வாரம் ஒரு சனிக்கிழமை சம்பளப் பேச்சுவார்த்தை பற்றிச் சங்கக் கூட்டம். முடிந்ததும் பஸ் நிலையம் பக்கம் நான்கு பேர் பரோட்டாக் கடைக்கு இழுத்துப்போனார்கள். கல்லில் தட்டித் தட்டி அடுக்குவதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க நான் சாமியாரா? நான்கு பரோட்டா, ஒரு ஆம்லெட், இரண்டு முறை சால்னா. கை கழுவும்போதே நினைப்பு வந்தது. வீட்டுக்குப் போனால் கேட்பாளே.

வழியெல்லாம் யோசித்தேன். கூட்டத்தில் டீ மட்டும் கொடுத்தார்கள் என்று சொல்லலாம். அதில் பாதி உண்மைதான், டீயும் கொடுத்தார்கள். அவளுக்குத் தெரிய வழியே இல்லை. இப்படித்தானே ஒன்பது வருடம் ஓட்டினேன். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுகூட நான் எதைச் சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியாது.

"என்ன சாப்டீங்க?"

"நாலு பரோட்டா. ஆம்லெட். சால்னா."

"நல்லா இருந்துச்சா?" என்று கேட்டாள்.

"நல்லா இருந்துச்சு."

"செரி. நாளைக்கு ஒழுங்கா இருங்க."

அவ்வளவுதான். அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட நிம்மதியை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. முன்பெல்லாம் ஒருநாள் தப்பினால் எல்லாம் போச்சு என்று மொத்தமாக அவிழ்த்துவிட்டுவிடுவேன். மறைத்து வைத்ததை மறக்க இன்னும் தின்பேன். சொல்லிவிட்டால் அது அந்த நாலு பரோட்டாவோடு முடிந்துபோகிறது. மன உறுதி என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பது என்று நினைத்திருந்தேன். எனக்கு அமைந்தது வேறு மாதிரி: தினமும் ஒரு ஆளிடம் உண்மையைச் சொல்லும் அளவுக்குத் துணிச்சல். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை போட்டேன். அவளுக்கும் நெஞ்செரிச்சல் குறைந்தது. மாத்திரை தீரும் முன்பே பச்சை மிளகாய் கடித்துக்கொள்ளும் அளவுக்குத் தேறிவிட்டாள், அதற்கு நான் திட்டினேன்.

மூன்று மாதம் முடிந்த அன்று மறு பரிசோதனை. வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். காலை டிபனை விட்டுவிட்டு மருத்துவ அறை பெஞ்சில் உட்கார்ந்தேன். ரத்தம் எடுக்க வெளியிலிருந்து வர வேண்டியவர்கள் பத்தரைக்குத்தான் வந்தார்கள். பிறகு டாக்டருக்காகக் காத்திருப்பு. எழுந்து போனால் வரிசை போய்விடும். பதினொன்றரை மணிச் சாப்பாடும் என்னைத் தாண்டிப் போயிற்று. ஒரு டம்ளர் டீ மட்டும் கிடைத்தது.

டாக்டர் வருவதற்குள் எடை எழுதி வைக்கச் சொல்லியிருந்தார்கள். ஏறினேன். தொண்ணூற்றெட்டு. தொண்ணூற்றிரண்டு இருந்திருக்க வேண்டும். முதல் மாதத்தை முட்டாள்தனமாகக் கழிக்காமல் இருந்திருந்தால் ஒருவேளை எட்டியிருப்பேன்.

உதவியாளர் பேனாவை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "அண்ணே, தொண்ணூத்தொண்ணுன்னு போட்டுடறேன். பிரஷர் எறங்கியிருக்கு. சார் தராச எல்லாம் பாக்க மாட்டாரு. நீங்க இவ்ளோ கஷ்டப்பட்டிருக்கீங்க."

அவர் நல்ல மனிதர். எனக்காக இரங்கித்தான் சொன்னார். எனக்கு அது வேண்டும் என்றுதான் இருந்தது, மறைக்க ஒன்றுமில்லை. ஜன்னல் வழியாக எங்கள் ஷெட்டின் கூரை தெரிந்தது. நாளைக்குக் காலையில் நான் அங்கே மேலே இருக்கலாம். லேபிள் கிடையாது, கிண்டல் கிடையாது. ஒரு எண்ணை மாற்றினால் போதும். ஆனால் சாயங்காலம் என்ன சொல்வேன்? எடை எவ்வளவு என்று அவள் கேட்பாள். தொண்ணூற்றொன்று என்று சொன்னால் பழைய ஆளாகிவிடுவேன். தொண்ணூற்றெட்டு, பொய்யாக எழுதி வாங்கினேன் என்று சொன்னால் அவள் முகத்தை நான் பார்க்க முடியாது.

"இருக்கறத எழுதுங்க" என்றேன். கோபமாகத்தான் சொன்னேன். அவர் பாவம், பயந்துபோய் எழுதினார்.

ஒரு மணிக்கு டாக்டர் வந்தார். அட்டையைப் பார்த்தார், என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஆறு கிலோ எறக்கியிருக்க, பரவால்லையே" என்றார். ஆனாலும் கையெழுத்துப் போடவில்லை. இன்னும் மூன்று மாதம் கொடுத்தார். அந்த மூன்று மாதத்தில் நான் தொண்ணூற்றொன்றுக்கு வந்ததையும், கிரேன் திரும்பக் கிடைத்ததையும், நாற்பத்தெட்டு படியையும் ஒரே மூச்சில் ஏறியதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த நாளைவிட இந்தத் தோற்ற நாள்தான் எனக்கு அதிகம் ஞாபகம் இருக்கிறது.

இரண்டேமுக்காலுக்கு வீட்டுக்கு வந்தேன். கண் இருட்டிக்கொண்டு வந்தது. காலையிலிருந்து ஒரு டீயைத் தவிர எதுவும் இல்லை. அவள் சாப்பிட்டு முடித்து, துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"தொண்ணூத்தெட்டு" என்றேன். "குடுக்கல. இன்னும் மூணு மாசம்." உதவியாளர் எழுதித் தருகிறேன் என்றதையும், வேண்டாம் என்றதையும் சொன்னேன். அவள் மடித்த சட்டையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சாப்டீங்களா?" என்றாள்.

"இல்ல."

சொன்ன பிறகுதான் எனக்குப் பக்கென்றது. இதே வாசலில், இதே நேரத்தில் எத்தனை முறை இதே பதிலைச் சொல்லியிருக்கிறேன். நம்பு என்று கேட்க எனக்கு வாய் இல்லை. ரத்தம் எடுத்ததையும் பெஞ்சில் காத்திருந்ததையும் சாட்சிக்குச் சொல்லலாமா என்று யோசித்தேன். அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். எழுந்து உள்ளே போனாள்.

ஒரு தட்டோடு வந்தாள். ஒரு கரண்டி சோறு வைத்தாள். நான் கையைக் குறுக்கே நீட்டினேன். அவள் என் கையை ஒதுக்கிவிட்டு இன்னொரு கரண்டியும் வைத்தாள்.

"நெஜமாவே பசியோட வந்திருக்கீங்க. சாப்புடுங்க" என்றாள்.